எங்கள் பெயர்களைச் சுமக்கும் ஐயாமாருக்கு

அன்பான ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

இந்த ஆண்டு குருப்பட்டம் பெற்று முதல் சேகரத்தின் பொறுப்பை ஏற்கப் போகிற உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உங்களில் பலருக்கு என் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் அங்கி போட்டு பீடத்தில் நின்றுவிட்டால் எண்பது வயதுப் பாட்டியும் உங்களை ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவார். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். நான் இறையியல் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். சேகரக் கமிட்டியில் பல காலம் உட்கார்ந்தவன். ஆயர்கள் வருவதையும் மாற்றலாகிப் போவதையும் பெஞ்சிலிருந்து பார்த்தவன். அந்த உரிமையில் ஒரே ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் ஜெபத்தைப் பற்றி.

ஜெபம் வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல ஒரு வாத்தியார் தேவையில்லை. ஆனால் அதை என்னவாக நினைக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஒரு கவலை உண்டு. பிரசங்கம் நன்றாக வர ஜெபம், கன்வென்ஷன் தடையில்லாமல் நடக்க ஜெபம், கட்டட நிதி சேர ஜெபம் என்று, வேறொரு வேலைக்கான ஆயத்தமாகவே அதைப் பேசிப் பழகியிருக்கிறோம். அப்படியானால் அந்த வேலை வேறு வழியில் நடந்துவிடும் நாளில் ஜெபம் தேவையற்றதாகிவிடும். இன்று அது நடக்கவும் செய்கிறது. நல்ல குரலும் நல்ல ஒலிபெருக்கியும் இருந்தால் பிரசங்கம் எடுபடுகிறது. வெளிநாட்டில் நாலு பேர் இருந்தால் கட்டடம் எழும்பிவிடுகிறது. என் எண்ணம் இதுதான்: எங்கள் பெயரைச் சொல்லி எங்களுக்காகத் தேவனுக்கு முன் நிற்பதுதான் நாங்கள் உங்களிடம் ஒப்படைத்த வேலை. மற்றவை அதற்குப் பிறகு வருகிறவை.

சேகரத்துக்குப் போனதும் ஒன்றைக் கவனிப்பீர்கள். நாள் முழுக்க நீங்கள்தான் ஜெபம் செய்வீர்கள். காலையில் ஒருவர் புது பைக்கைக் கொண்டுவந்து நிறுத்துவார். பத்து மணிக்குப் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஆரம்ப ஜெபம். மதியம் நிச்சயதார்த்தம். மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. அதற்குப் பிறகு பெரியாஸ்பத்திரியில் இரண்டு படுக்கை. மாலையில் புதுவீட்டுப் பிரதிஷ்டை. ராத்திரி கமிட்டிக் கூட்டம். அதற்கும் முதல் ஜெபம், முடிவு ஜெபம். எந்த வீட்டில் காபி குடித்தாலும், எழுந்திருக்கும்போது, “ஐயா, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க” என்பார்கள். கட்டிலில் விழும்போது பதினைந்து ஜெபம் ஆகியிருக்கும். ஆனால் அந்த நாளில் நீங்கள் ஒருமுறைகூட ஜெபிக்காமலே இருந்திருக்க முடியும்.

இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இது இந்தத் தொழிலுக்கே உரிய ஆபத்து. வாய் பழகிவிடும். அடக்கத்துக்கு ஒரு வாய்ப்பாடு, கல்யாணத்துக்கு ஒன்று, கடை திறப்புக்கு ஒன்று என்று தானாக வரும். சாதாரண விசுவாசிக்கு இந்த ஆபத்து குறைவு. அவன் ஜெபிக்காவிட்டால் ஜெபிக்கவில்லை என்று அவனுக்கே தெரிந்துவிடும். உங்களுக்கு மட்டும் அது தெரியாமல் போக வழி இருக்கிறது. பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தெரியுமா என்றால், உடனே தெரியாது. ஒரு வருஷம் போனால் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். எருசலேம் சபையில் சாப்பாட்டுப் பந்தி விஷயமாக ஒரு முறுமுறுப்பு. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை. நம் ஊர் அசனத்தில் எந்தத் தெருவுக்குக் கறி குறைந்தது என்று வருகிற சண்டையை விடப் பெரிய விஷயம் இது; பசியும் மொழிப் பாகுபாடும் சேர்ந்த உண்மையான அநியாயம். அப்போஸ்தலர் அதை அற்பம் என்று ஒதுக்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைச் சபையே தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்களிடம் அதை ஒப்படைத்தார்கள். தங்களுக்கென்று இரண்டைத்தான் வைத்துக்கொண்டார்கள்: ஜெபம், வசன ஊழியம். எழுதப்பட்ட வரிசையில் ஜெபம்தான் முன்னால் வருகிறது. நாம் அந்தப் பகுதியை உதவிக்காரர்களை நியமிக்கும்போது வாசிக்கிறோமே தவிர, ஆயரின் வேலைப் பட்டியலாக வாசிப்பதே இல்லை. இன்னொன்று: அந்த ஏழு பேரில் ஒருவர் ஸ்தேவான். பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்டவர்தான் முதல் இரத்தசாட்சியாகி, கல்லெறிகிறவர்களுக்காக ஜெபித்துக்கொண்டே செத்தார். பந்தி வேலை கீழான வேலை என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

நம் சேகரங்களில் நிலைமை தலைகீழ். பந்தி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், கடை வாடகை, கல்லறைச் சுவர், நீதிமன்ற வாய்தா எல்லாம் ஐயாவின் மேசைக்கு வருகின்றன. சில இடங்களில் பள்ளியின் தாளாளர் பொறுப்பும் அவருக்கே. திருமண்டலத் தேர்தல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதில் முதல் குற்றவாளிகள் பெஞ்சில் இருக்கும் நாங்கள்தான். ஒரு ஆயர் போன பிறகு, “அவர் காலத்தில் என்ன செய்தார்?” என்று கேட்டால் காம்பவுண்டுச் சுவரைக் காட்டுகிறோம். சுவரில் சலவைக்கல் பதித்திருக்கும். இன்ன பேராயர் திறந்துவைத்தார், இன்ன ஆயர் காலத்தில் கட்டப்பட்டது என்று பெயர் வெட்டியிருக்கும். அந்தக் கல்லுக்கு ஆசைப்படும்படி உங்களை ஆக்கியது நாங்கள்.

கல் என்றதும் யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்துக்குப் போகிறேன். ஆரோனுக்கு ஆசாரிய உடை தைக்கச் சொன்ன விவரம் அங்கே இருக்கிறது. ஏபோத்தின் தோள்களில் இரண்டு கோமேதகக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் பெயர். மார்ப்பதக்கத்தில் மூன்று மூன்றாக நான்கு வரிசை, மொத்தம் பன்னிரண்டு இரத்தினங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர், முத்திரை வெட்டுவதுபோல் வெட்டப்பட வேண்டும். இவற்றை அணிந்துகொண்டுதான் அவர் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போக வேண்டும். ஜனங்களின் பெயர் தோளிலும் இருக்கிறது, நெஞ்சிலும் இருக்கிறது. பாரம் தாங்குவதற்குத் தோள், அன்புக்கு நெஞ்சு என்று பழைய பிரசங்கிமார் விளக்குவார்கள். அந்த விளக்கம் இருக்கட்டும். நான் பார்ப்பது வேறு. அங்கே ஆசாரியன் ஜனங்களின் பெயர் வெட்டிய கல்லைச் சுமக்கிறான். இங்கே ஜனங்களாகிய நாங்கள் ஆயரின் பெயர் வெட்டிய கல்லைச் சுவரில் பதிக்கிறோம்.

புதிய ஏற்பாட்டில் நாம் எல்லாரும் ஆசாரியர்கள்தானே, ஆயரை மட்டும் ஆரோனாக்கலாமா என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே பிரதான ஆசாரியர் இயேசு என்று எபிரெயர் நிருபம் தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பிரதான ஆசாரியர் செய்ததைப் பாருங்கள். கடைசி இராவிருந்தில் சீமோனைப் பெயர் சொல்லி அழைத்து, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று அறிவித்தார். மறுதலிப்பதற்கு முன்பே அந்த மனிதனுக்காக ஜெபம் ஏறெடுக்கப்பட்டுவிட்டது. விழப்போகிறவன் என்று தெரிந்தே அவனுக்காக வேண்டியிருக்கிறார்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் எளிது. சேகர அலுவலகத்தில் குடும்பப் பதிவேடு இருக்கும். சங்கக் காணிக்கை பாக்கி பார்க்கவும், தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் போடவும்தான் அதைத் திறக்கிறோம். நீங்கள் அதை ஜெபப் புத்தகமாகத் திறவுங்கள். முந்நூறு குடும்பம் உள்ள சேகரம் என்றால், நாளுக்கு ஐந்து குடும்பம் வீதம் இரண்டு மாதத்தில் ஒரு சுற்று முடியும். குடும்பத் தலைவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். துபாயில் இருக்கும் மகன், கட்டிக்கொடுத்த இடத்தில் கஷ்டப்படும் மகள், படுக்கையில் கிடக்கும் பெரியம்மா, பதினொன்றாம் வகுப்பில் பேசாமலே இருக்கும் பையன், எல்லாரையும் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும், அந்த வீட்டுக்கு நீங்கள் இன்னும் போகவில்லை என்று. அடுத்த வீடு சந்திப்பு எங்கே என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.

பெஞ்சில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்றேனே, அது இதுதான். ஜெபிக்கிற ஆயர் கடைத்தெருவில் நம்மைப் பார்த்தால், “சௌக்கியமா?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போகமாட்டார். “தம்பிக்கு அந்த நேர்முகத் தேர்வு என்ன ஆச்சு?” என்பார். “அக்காவுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வந்துட்டா?” என்பார். நல்ல ஞாபகசக்தி என்று நாங்கள் பேசிக்கொள்வோம். தினமும் சொன்ன பெயர் மறக்காது, அவ்வளவுதான். பிரசங்கத்திலும் அது தெரியும். எங்களுக்குப் பொருந்தாத உதாரணம் வராது. எங்களில் ஒருவரைச் சாடுவதற்காக வசனத்தை வளைப்பதும் நின்றுபோகும். காலையில் ஒருவனுக்காக வேண்டிக்கொண்டவர் ஞாயிற்றுக்கிழமை அவனைப் பீடத்திலிருந்து குத்துவது கடினம்.

குத்துவது என்றதும் மொட்டைக் கடிதம் ஞாபகத்துக்கு வருகிறது. உங்கள் மேல் பேராயருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போகத்தான் போகிறது. அது இல்லாமல் நம் சபைகளில் யாருடைய ஊழியமும் நிறைவேறியதாக நான் கேள்விப்படவில்லை. கையெழுத்தில்லாவிட்டாலும் யார் எழுதியது என்று மூன்றாம் நாள் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த நாளில் 1 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஜனங்கள் சாமுவேலை ஓரங்கட்டிவிட்டு ராஜா வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டார்கள். கிழவரின் பிள்ளைகள் பரிதானம் வாங்கினார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள், அது உண்மையும்கூட. யாருடைய எருதையோ கழுதையையோ நான் எடுத்துக்கொண்டது உண்டா என்று கணக்கு ஒப்புவித்துவிட்டு விலகுகிற இடத்தில் அவர் நிற்கிறார். அப்போதுதான் சொல்கிறார், உங்களுக்காக ஜெபிப்பதை விட்டுவிட்டால் அது கர்த்தருக்கு விரோதமாக நான் செய்யும் பாவம் என்று. அது பெருந்தன்மை என்று அவர் பேசவில்லை. விட்டுவிட்டால் பாவம் என்கிறார். பதவி போனாலும் அந்தக் கடமை போகவில்லை. உங்கள் பதிவேட்டில் அந்தக் கடிதக்காரரின் பக்கம் வரும் நாளில் அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

இதையெல்லாம் எங்கே கற்பது? இறையியல் கல்லூரியில் எபிரெய மொழிக்கு வகுப்பு உண்டு, சமூகப் பகுப்பாய்வுக்கு உண்டு. ஜெபம் மட்டும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடாத ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹிட்லரின் ஜெர்மனியில், அரசுக்கு வளைந்த திருச்சபையிலிருந்து விலகி நின்ற அறிக்கையிடும் திருச்சபை தன் ஆயர்களுக்கென்று சில பயிற்சிப் பள்ளிகளை நடத்தியது. 1935-இல் டீட்ரிக் போன்ஹோஃபர் பொறுப்பேற்ற பள்ளி, ஸ்டெட்டின் நகருக்கு அருகே ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் இருந்தது. பொதுவான காலை ஆராதனைக்குப் பிறகு, தினமும் அரை மணி நேரம் மாணவர்கள் ஒரு வேதபகுதியோடு மௌனமாக உட்கார வேண்டும். ஒரு வாரம் முழுவதும் ஒரே பகுதி. விளக்கவுரை கூடாது, அதைப் பிரசங்கக் குறிப்பாக்கவும் கூடாது. மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, மனம் அலைகிறது, தூக்கம் வருகிறது என்றார்கள். மற்ற பள்ளிகளில் கேலி பேசினார்கள். பெரிய இறையியலாளர் கார்ல் பார்த்துக்கே, இதில் துறவு மடத்து வாடை அடிக்கிறதே என்று ஐயம் வந்தது. 1936-இல் கடிதத்திலும் எழுதினார். போன்ஹோஃபர் அதற்கு முன்பே அவருக்கு எழுதியிருந்தார்: இளம் இறையியலாளர்கள் உள்ளபடியே கேட்பது, ஜெபிக்க எப்படிக் கற்றுக்கொள்வது, வேதத்தை எப்படி வாசிப்பது என்பதைத்தான், அதில் உதவாவிட்டால் நாம் அவர்களுக்கு உதவவே இல்லை என்ற பொருளில்.

1937 செப்டம்பரில் கெஸ்டபோ அந்தப் பள்ளியை மூடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே படித்தவர்களில் 27 பேர் சிறைக்குப் போய்விட்டார்கள். தூங்கி வழிந்ததாகச் சொன்ன அந்த அரை மணி நேரம் சிறைக்குள் அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் ஊகித்து எழுத மாட்டேன். ஆனால் ஒன்று பதிவில் இருக்கிறது. போன்ஹோஃபர் தம் பழைய மாணவர்களுக்கு அனுப்பிய சுற்றுமடல்களில், தியானத்தை விடாதீர்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினார். யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பெயர்களையும் எழுதினார். கைதான ஆயர்களின் பெயர்ப் பட்டியலை அந்தத் திருச்சபையின் ஆராதனைகளில் உரக்க வாசித்தார்கள். அங்கேயும் ஜெபம் என்றால் பெயர்கள்தான். போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

அரை மணி நேரம் என்றேன். இங்கே மணிக்கணக்குப் பேச்சு ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். கன்வென்ஷன் மேடைகளில் உங்களைப் பயமுறுத்துவார்கள். ஜெபிக்கும் ஹைட் என்ற மிஷனரி எத்தனை மணி நேரம் முழங்காலில் இருந்தார், லுத்தர் தினமும் மூன்று மணி நேரம் ஜெபித்தார் என்று. லுத்தர் விஷயம் உண்மைதான். 1530-இல் அவருடன் இருந்த வைட் டீட்ரிக் ஒரு கடிதத்தில் அதை எழுதினார். ஆனால் அந்த நேரத்தில் லுத்தர் எங்கே இருந்தார் என்று மேடையில் சொல்வதில்லை. பேரரசனின் தடைக்கு உள்ளானவர் என்பதால் ஆக்ஸ்பர்க் மாநாட்டுக்குப் போக முடியாமல், மாதக்கணக்கில் கோபுர்க் கோட்டையில் ஒதுங்கியிருந்தார். அங்கே வீடு சந்திப்பு இல்லை, சேகரக் கமிட்டி இல்லை. மூன்று குழந்தைகளும் தாளாளர் வேலையும் உள்ள உங்களுக்கு அது அளவுகோல் ஆகாது. “நேற்று ஐந்து மணி நேரம் ஜெபத்தில் இருந்தேன்” என்று மைக்கில் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. இருந்திருந்தால் எங்களிடம் ஏன் சொல்ல வேண்டும்?

லுத்தரிடம் எடுத்துக்கொள்ள இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. 1535-இல் விட்டன்பர்க்கில் அவருக்கு முடிவெட்டிய பேதுரு என்ற நாவிதர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்குப் பதிலாக லுத்தர் ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். அதில் அவர் சொல்லும் ஆபத்து நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், முதலில் இந்த ஒரு வேலையை முடித்துவிடுவோம் என்ற நினைப்பு. அதற்கு இடம் கொடுத்தால் நாள் போய்விடும் என்கிறார். நல்ல நாவிதன் கத்தியிலும் மயிரிலும் கண்ணாக இருப்பான், ஊர்க்கதை பேசிக்கொண்டே சவரம் செய்தால் மூக்கு போகும். ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்று அவருடைய தொழிலிலேயே சொல்லிக்கொடுத்தார். வார்த்தை வராத நாளுக்கும் வழி சொன்னார். பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடு. அது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது என்று நான்காகப் பிரித்துக்கொள் என்றார். அதே 1535-இல் அந்தப் பேதுரு ஒரு விருந்தில் தன் மருமகனையே கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். நாடுகடத்தப்பட்டார். லுத்தர் அவருக்காகப் பரிந்து பேசினார். ஜெபப் புத்தகம் கையில் இருந்தவருக்கு இப்படி நேர்ந்ததே என்று எனக்கும் தோன்றும். ஆனாலும் அந்த நூல் இன்றுவரை வாசிக்கப்படுகிறது.

எழுதிவைத்த ஜெபம் என்றால் உங்கள் தலைமுறைக்கு ஓர் இளக்காரம் உண்டு. ஆவியில் நிறைந்து வருவதுதான் ஜெபம், புத்தகத்தைப் பார்த்து வாசிப்பது சடங்கு என்கிறீர்கள். சுயமாக வரும் ஜெபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாத நாட்கள் வரும். தொடர்ந்து வரும். அப்போது உங்கள் சொந்த வார்த்தை உங்களுக்கே பொய்யாகக் கேட்கும். அந்த நாட்களுக்காகத்தான் முன்னோர் எழுதிவைத்தார்கள். ஆங்கிலிகன் பொது ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் காலை, மாலை எனப் பிரித்து 30 நாளில் ஒரு சுற்று முடியும்படி வைத்திருக்கிறது. குருவானவர்கள் தினமும் காலை ஜெபமும் மாலை ஜெபமும் சொல்ல வேண்டும். வியாதியோ அவசரக் காரணமோ இருந்தால் மட்டும் விலக்கு என்று அதன் முகவுரையிலேயே விதித்திருக்கிறது. ஊரில் இருக்கும் நாளில் கோயிலில் மணி அடித்துவிட்டு அதைச் செய்ய வேண்டும், வர விரும்புகிற ஜனம் வரட்டும் என்கிறது. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்களில் உபதேசியார் மணி அடிப்பதும், வேலை முடிந்து வந்தவர்கள் மாலை ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போவதும் அந்த மரபின் வழிவந்ததுதான். இன்று பல ஊர்களில் மணி அடிக்கிறது; உள்ளே நாலைந்து கிழவிகள் இருக்கிறார்கள். ஐயா இல்லை. அவர் கூட்டத்தில் இருக்கிறார். வாரத்தில் இரண்டு மாலையாவது அந்தக் கிழவிகளோடு போய் உட்காருங்கள். ஜெபிக்க அவர்களிடமும் கற்றுக்கொள்ளலாம்.

இனி கடினமான இடம். நீங்கள் ஜெபித்தும் பிள்ளை செத்துப்போகும். உபவாசம் இருந்து, எண்ணெய் பூசி, சபை முழுவதையும் முழங்காலில் நிறுத்தி, அதற்குப் பிறகும் அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் நீங்கள்தான் அடக்க ஆராதனை நடத்த வேண்டிவரும். தயவுசெய்து அந்தத் தாயிடம் விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். அதைவிடக் கொடிய பேச்சை நான் எந்த ஆயர் வாயிலிருந்தும் கேட்டதில்லை; துரதிருஷ்டவசமாக அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். கெத்செமனேயில் மூன்று முறை கேட்ட பாத்திரம் நீங்கவில்லை. பவுல் மூன்று முறை வேண்டிய முள் எடுக்கப்படவில்லை. சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு விடியல் வசனத்தைச் சேர்க்கலாம் என்று அதைத் தொகுத்தவர்கள் நினைக்கவில்லை. அப்படியும் அதை வேதத்தில் வைத்தார்கள். அந்த இரவில் உங்கள் ஜெபம் அந்தச் சங்கீதமாக இருந்தால் போதும். பதில் தெரியாத ஆயர் எங்களோடு அழுதால் நாங்கள் தாங்கிக்கொள்வோம். பதில் தெரிந்ததுபோல் பேசுகிறவரைத்தான் தாங்க முடிவதில்லை.

மாற்றல் வரும். சில ஆண்டுகளில் எங்களை விட்டுப் போய்விடுவீர்கள். அதன் பிறகு பழைய சேகரத்தில் மூக்கை நுழைப்பது நல்லதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு கதவு மட்டும் திறந்தே இருக்கிறது. கொலோசெயர் நிருபத்தின் கடைசியில் எப்பாப்பிரா என்று ஒருவர் வருகிறார். அந்தச் சபைக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுபோனவரே அவர். இப்போது பவுலோடு தொலைவில் இருக்கிறார், ஊருக்கு எதுவும் செய்ய முடியாத நிலை. அவர் அவர்களுக்காக ஜெபத்தில் போராடுகிறார் என்று பவுல் சாட்சி எழுதுகிறார். அந்த நிருபத்தில் அவரைப் பற்றிய பெரிய புகழ்ச்சியே அதுதான்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ராபர்ட் மர்ரே மக்செய்ன் என்ற இளம் ஆயர் இருந்தார். சபைக்காக மன்றாடுவதில் பெயர் பெற்றவர். உடல்நலம் குன்றி, 1839-இல் யூதர்களின் நிலையை ஆராய அனுப்பப்பட்ட குழுவோடு பாலஸ்தீனத்துக்குப் போனார். அவர் தொலைவில் நோயோடு போராடிக்கொண்டிருந்த நாட்களில்தான், அவருக்குப் பதிலாக வந்த வில்லியம் சால்மர்ஸ் பர்ன்ஸ் என்ற இன்னும் இளையவரின் பிரசங்கத்தில் அந்தச் சபையில் எழுப்புதல் உண்டானது. ஆண்டுக் கணக்கில் மன்றாடியவர் ஒருவர், அறுவடையின்போது நின்றவர் வேறொருவர். திரும்பி வந்த மக்செய்ன் முகம் சுளிக்காமல் மகிழ்ந்தார். அடுத்த ஆயரின் காலத்தில் சபை நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டால் பழைய ஆயருக்கு வயிறு எரிவது நம் ஊரில் புதிய சங்கதி இல்லை. மக்செய்ன் 1843-இல், 29 வயதில் இறந்தார். உங்களில் சிலருக்கு இப்போது அந்த வயதுதான்.

குடும்பத்தைப் பற்றி ஒரு வரி. ஊர் வீடுகளிலெல்லாம் ஜெபம் செய்துவிட்டு வருகிறவரின் வீட்டில், ஐயரம்மாவும் பிள்ளைகளும் தனியாகக் குடும்ப ஜெபம் முடித்துவிட்டுத் தூங்கிப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பதிவேட்டின் முதல் பக்கத்தில் உங்கள் வீட்டின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நடைமுறைக்கு வருகிறேன். மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு மாலை முழுவதும் கப்பர்நகூம் பட்டணமே வாசலில் திரண்டு நின்றது. மறுநாள் இருட்டோடே இயேசு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோனும் மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்றார். நியாயமாகத் தேடுகிறவர்களுக்குக்கூட இல்லை என்று சொல்லும் தெளிவு அவருக்கு அந்த ஜெபத்தில் கிடைத்திருக்க வேண்டும். உங்களையும் எல்லாரும் தேடுவோம். காலை ஐந்தரைக்கே கைப்பேசியில் தேடுவோம். எங்களுக்கு இங்கிதம் போதாது.

அதனால் முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். காலையில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை ஐயாவைக் கூப்பிடக் கூடாது. மரணமோ ஆபத்தோ இருந்தால் மட்டும் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடக் கணக்கு, கடை வாடகை, கட்டட மேற்பார்வை மூன்றுக்கும் நற்சாட்சியுள்ளவர்களைக் கமிட்டியிலிருந்தோ வெளியிலிருந்தோ கேளுங்கள். ஆறாம் அதிகாரத்தைக் காட்டியே கேளுங்கள். சிலர் முணுமுணுப்பார்கள். ஜெபத்துக்கு நேரம் ஒதுக்குவதற்கா சம்பளம் என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆம், அதற்குத்தான் என்று சொல்லுங்கள். சொல்லத் தயங்கினால், என்னைப் போன்ற ஒரு கிழவர் ஒவ்வொரு கமிட்டியிலும் இருப்பார். அவரைப் பார்த்துக் கண் காட்டுங்கள், அவர் எழுந்து சொல்வார்.

கிறிஸ்துவுக்குள் உங்கள்,
பெஞ்சிலிருந்து ஒருவன்